தலைவிதி அல்ல, தோழர்களே!

"எம்மகன் பீடியைக் கையால தொட்டதில்லையே தம்பி! இவனுக்குப் போயி இந்த நோவு எப்படி வந்துச்சு?"

சோழவந்தானுக்குப் பக்கத்தில், வைகைக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. நாற்று நட்டும் களை பறித்தும் மகனை ஆளாக்கியவர். மகனுக்கு வயது முப்பத்தொன்று. நூற்பாலையில் சிப்டு வேலை. பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே உள்ள கஷ்டம் போதும்.

முதலில் அவருக்கு வந்தது இருமல். பஞ்சுத் தூசி என்று நினைத்தார். இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை. ஒரு தனியார் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, சளியைப் பரிசோதிக்காமலே, டி.பி. என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஐந்து மாதம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். இருமல் குறையவில்லை, உடம்பு இளைத்தது. பிறகு முதுகு வலி. பாரம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தடவினார்கள். ஒருநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தபோது கால் நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டு போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: நுரையீரலில் புற்று, அது முதுகெலும்புக்கும் பரவிவிட்டது.

அந்தத் தாய்க்கு அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன், டாக்டரல்ல. அந்த இளைஞரோடு ஏழெட்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டர்களிடம் கேட்டேன். விவரம் அறிந்த தோழர்களிடம் கேட்டேன். எனக்குப் புரிந்ததை, மில் வாசலில் பேசுகிற பாஷையிலேயே, இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி ஒரு வீட்டின் கேள்வி அல்ல.

இளவயதில் ஏன்?

உலகத்தில் 2022-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்று புதிதாகக் கண்டதாகவும், 18 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டது. இந்தியாவில் அந்த ஓராண்டில் நோய் கண்டவர்கள் சுமார் 81 ஆயிரம். மாண்டவர்கள் சுமார் 75 ஆயிரம். இரண்டு எண்களும் இப்படி ஒட்டி நிற்கின்றனவே, இதற்கு என்ன அர்த்தம்? நம் ஜனங்களுக்கு நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

மேல்நாட்டாருக்கு வருவதைவிட நம் நாட்டாருக்கு இந்த நோய் ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வருகிறது என்று மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2024-ல் எழுதினார்கள். நோய் கண்டவர்களில் கணிசமான பேர் வாழ்நாளில் புகையே பிடிக்காதவர்கள் என்பதையும் எடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டில் இளைஞர் தொகை அதிகம் என்பது இதற்கு ஒரு காரணம். அது ஒன்றே காரணம் அல்ல.

இங்கே யாரும் பீதியடைய வேண்டாம். நாற்பது வயதுக்குக் கீழ் இந்த நோய் வருகிறவர்கள் மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கில் சில தனி லட்சணங்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள். பெண்களும் நிறைய. பலருக்கு நோய் தெரியும்போதே எலும்புக்கோ மூளைக்கோ பரவியிருக்கும். சிலருக்கு இருமலே இருக்காது. முதுகு வலி, தலைவலி, வலிப்பு என்றுதான் முதலில் தெரியும். நெஞ்சில் இருக்கும் வியாதிக்கு முதுகில் தைலம் தடவிக் கொண்டிருப்போம். மேலும், இவர்களுடைய கட்டியைச் சோதித்தால், மரபணுவில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் வயதானவர்களைவிட அதிகமாகத் தென்படுகின்றன.

மரபணு மாற்றம் என்றால் என்ன?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை எழுதி வைத்திருக்கிறது. அதுதான் மரபணு. பழைய உயிரணு சாகும்போது புதிய உயிரணு பிறக்க வேண்டும். அப்போது அந்தக் கட்டளை முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. நகல் எடுப்பதில் எப்போதாவது ஓர் எழுத்து தவறிவிடும். அதுதான் மாற்றம்.

நம் பேரணை மதகை நினைத்துக் கொள்ளுங்கள். நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மதகைத் திறக்கிறோம். போதும் என்றால் இறக்குகிறோம். மதகு துருவேறி, திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டால் என்னவாகும்? தண்ணீர் ஓடிக் கொண்டே இருக்கும். பயிர் மூழ்கி அழுகும். உயிரணுவின் மேற்புறத்திலும் இப்படி ஒரு மதகு உண்டு. "வளர்" என்ற உத்தரவு அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. டாக்டர்கள் அதை ஈ.ஜி.எப்.ஆர். என்கிறார்கள். அதன் கட்டளையில் தவறு ஏற்பட்டால் மதகு மூடுவதே இல்லை. உயிரணு ஓயாமல் பெருகுகிறது. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் இதைக் கண்டறிந்தார்கள். ஏ.எல்.கே. என்ற இன்னொரு மாற்றத்தை 2007-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் நுரையீரல் புற்றின் பெருவாரியான வகையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மரபணு என்ற பெயரைக் கேட்டதும் "பரம்பரை நோய்" என்று ஊரில் பேச ஆரம்பித்து விடுகிறார்கள். அந்த இளைஞருக்கு ஒரு தங்கை. பேசி வைத்திருந்த வரன் தட்டிப் போயிற்று. "அந்த ரத்தத்தில் பெண் எடுக்கக் கூடாது" என்றார்களாம். இது தவறு, கொடுமையான தவறு! இந்த மாற்றம், மிக அரிதான சில குடும்பங்களைத் தவிர, பிறவியில் வருவதல்ல. பிறந்த பிறகு, நுரையீரலின் ஏதோ ஓர் உயிரணுவில் மட்டும் ஏற்படுவது. அண்ணனிடமிருந்து தங்கைக்கு அது வராது. பிறக்கப் போகிற குழந்தைக்கும் போகாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தங்கைகளின் கல்யாணத்தை நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

முற்பிறப்பின் பாவம் என்று நம் பாட்டன் காலத்தில் சொன்னார்கள். இன்று அதே இடத்தில் "உன் மரபணு அப்படி" என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது. தூசியைக் கிளப்பியவனைக் கேட்காதே, மருந்தைப் பூட்டி வைத்தவனைக் கேட்காதே, உன் நெற்றியைப் பார்த்து அழு என்பதே இரண்டுக்கும் பொருள்.

தூங்குவதைத் தட்டி எழுப்புவது எது?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பீடி தொடாதவனுக்கு ஏன் வந்தது?

லண்டனில் உள்ள பிரான்சிஸ் கிரிக் ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் ஸ்வாண்டன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 2023-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புற்று இல்லாத சாதாரண நுரையீரல் துணுக்குகள் 295-ஐ எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் நூற்றுக்குப் பதினெட்டில் ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் கொண்ட சில உயிரணுக்கள் ஏற்கெனவே இருந்தன! ஆனால் அவை சும்மா இருந்தன. மாற்றம் மட்டும் இருந்தால் புற்று வந்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் அவற்றை எழுப்பிவிடுவது எது?

நுண்தூசி! தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசி. மூக்கு முடியில் தங்காது. நெஞ்சின் அடியாழம் வரை போகும். அங்கே உடம்பின் காவல் அணுக்கள் அதை எதிர்த்துச் சண்டை போடும்போது ஒரு ரசாயனப் பொருளை வெளிவிடுகின்றன. நெஞ்சு அழற்சி கொள்கிறது. அந்த அழற்சியே தூங்கிக் கிடந்த கெட்ட விதைக்கு எருவாகிறது. எலிகளில் இதைச் செய்து காட்டினார்கள். இங்கிலாந்து, தென் கொரியா, தைவான் நாடுகளில் இந்த வகைப் புற்று வந்த சுமார் 33 ஆயிரம் பேருடைய கணக்கைப் பார்த்தபோது, நுண்தூசி மிகுந்த இடங்களில் இந்த நோயும் மிகுந்திருந்தது.

விதை எல்லா வயலிலும் விழுகிறது. யார் வயலில் முளைக்கிறது என்பதைத் தூசி தீர்மானிக்கிறது. தூசி யாருடைய நெஞ்சில் அதிகமாக இறங்குகிறது? குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சிலா? செங்கல் சூளையிலும் கல் கிரஷரிலும் அரிசி ஆலையிலும், டீசல் லாரி உறுமும் சாலையோரத்திலும் நிற்பவன் நெஞ்சிலா? ஓலையும் சுள்ளியும் எருவாட்டியும் வைத்துக் கூரைக்கடியில் அடுப்பூதும் பெண்ணின் நெஞ்சிலா? கற்பொடி மனிதனுக்குப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலையம் 1997-ல் தீர்ப்புச் சொன்னது. டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் அதே பட்டியலில் சேர்த்தது. விறகுப் புகை "அநேகமாக உண்டாக்கும்" என்ற அடுத்த பட்டியலில் இருக்கிறது.

காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்தூசி இருக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் சொன்னது. நம் சர்க்கார் 2009-ல் வைத்த எல்லை 40! எட்டு மடங்கு. இந்தியனுடைய நெஞ்சு என்ன, எட்டு மடங்கு கெட்டியா?

நமக்குச் சாதகம் என்பதற்காக இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆகவே இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒன்று: நூற்பாலையின் பஞ்சுத் தூசி இந்தப் புற்றுக்குக் காரணம் என்று சான்று இல்லை. ஷாங்காய் நகரில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண் ஜவுளித் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பஞ்சுத் தூசியில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாகவே இருந்தது. பஞ்சுத் தூசி கொண்டு வருவது வேறொரு வியாதி. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிக்குமே, அந்தப் பிஸினோஸிஸ். அது புற்றல்ல என்பதால் முதலாளி தப்பித்துக் கொள்ள முடியாது. அதுவும் சட்டப்படி நஷ்டஈடு பெறக் கூடிய தொழில் நோய்தான். இரண்டு: அந்த இளைஞருக்கு இன்ன தூசிதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. சேற்றில் நடந்த பத்துப் பேரில் எவன் காலில் எந்த முள் தைத்தது என்று எப்படிச் சொல்வது? ஆனால் முள்ளை அகற்றினால் தைப்பது குறையும் என்று சொல்லலாம் அல்லவா?

பீடி, சிகரெட் குடிக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிக்காதவனுக்கும் வருகிறதே, நான் ஏன் விட வேண்டும் என்று கேட்காதீர்கள். நுரையீரல் புற்றுக்குத் தலையாய காரணம் இன்றும் புகையிலைதான். பீடி சிறியது என்பதால் அதன் விஷம் சிறியதல்ல.

அஸ்பெஸ்டாஸ் கூரை வேய்கிறவர்களும், அந்தத் தகட்டை ரம்பத்தால் அறுக்கிறவர்களும் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் நார் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது உலகமறிந்த உண்மை. எத்தனையோ நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நாமோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து தலைக்கு மேல் கூரை போட்டுக் கொண்டிருக்கிறோம். 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நிலைப் பதிவேட்டை அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையைவிட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பதிவேட்டை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

டி.பி. என்று ஏமாந்துவிடாதீர்கள்

டி.பி. நம் நாட்டில் அதிகம். ஆகவே எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் டி.பி. என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நினைப்பே இந்த நோயாளிகளைக் கொல்கிறது. கிருமியைக் கண்ணால் காணாமல் மாத்திரை கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் காலம் ஓடுகிறது. கட்டி எலும்புக்குப் போகிறது. அந்த இளைஞர் இழந்த ஐந்து மாதம் அப்படி ஓடியதுதான்.

ஆகவே இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அது இலவசம். கிருமி இருப்பது உறுதியானால் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். கிருமி தென்படாமலே மாத்திரை கொடுத்து, இரண்டு மாதமாகியும் குணம் தெரியவில்லை என்றால், சி.டி. ஸ்கேன் எடுக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், ஓயாத எலும்பு வலி, குரல் மாற்றம், வாந்தியோடு கூடிய தலைவலி, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் "சின்ன வயசுதானே" என்று தள்ளிப் போடாதீர்கள். டாக்டரிடம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை.

மருந்து இருக்கிறது, விலை வழிமறிக்கிறது

மதகு பழுதானது என்று தெரிந்த பிறகு, அதை அடைக்கும் மாத்திரையும் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெபிடினிப் என்பது ஒன்று. நாளைக்கு ஒரு மாத்திரை. நோயை வேரோடு பிடுங்காது. ஆனால் அடக்கி வைக்கும். காலை ஊன்ற முடியாதிருந்த அந்த இளைஞர் கதிர்ச் சிகிச்சைக்கும் இந்த மாத்திரைக்கும் பிறகு இன்று கம்பூன்றி டீக்கடைவரை வருகிறார்.

இந்த மாத்திரை அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜெபிடினிப்புக்குப் பேடண்ட் கேட்டது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. இந்தியக் கம்பெனிகள் ஆட்சேபித்தன. 2007-ல் நம் பேடண்ட் ஆபீஸ் அந்த விண்ணப்பத்தைத் தள்ளியது. 2012-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன. விலை மாதம் சில ஆயிரமாக இறங்கியது. அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் அந்நாளில் எத்தனையோ ஏழைகளுக்கு இந்த மாத்திரை எட்டியிருக்காது.

ரத்தப் புற்று மருந்தான இமாடினிப் கதையும் இதுவே. சென்னைப் பேடண்ட் ஆபீஸ் 2006-ல் பேடண்டை மறுத்தது. நோவார்ட்டிஸ் கம்பெனி சட்டத்தையே எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் 2007-ல் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டிலும் 2013 ஏப்ரல் 1-ல் தோற்றது. கம்பெனியின் விலை மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம். இந்திய மருந்தின் விலை பத்தாயிரத்துக்குள். பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய பேடண்ட் வாங்குவதைத் தடுக்கும் 3(டி) பிரிவுதான் இதற்குத் துணை நின்றது. 2005-ல் பேடண்ட் சட்டம் திருத்தப்பட்டபோது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் பிடிவாதமாக நின்றதன் பலன்களில் அதுவும் ஒன்று. நாடாளுமன்றத்தில் நடக்கும் சண்டைக்கும் நம் வீட்டு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் இத்தோடு முடியவில்லை. ஜெபிடினிப் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்கு முன்பின்தான் வேலை செய்கிறது. பிறகு மதகில் இன்னொரு பழுது வருகிறது. அதையும் சேர்த்து அடைக்கும் ஆசிமெர்டினிப் என்ற மாத்திரை 2015-ல் வந்தது. முதலிலிருந்தே அதைக் கொடுத்தால், பழைய மாத்திரைகளில் சராசரியாக 31.8 மாதம் வாழ்ந்தவர்கள் 38.6 மாதம் வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சி காட்டியது. அதன் பட்டியல் விலை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல்! ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களுக்கு லார்லாடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு ஐந்தாண்டு கழித்தும் நோய் முன்னேறவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். ஐந்தாண்டு, தோழர்களே! கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகும் காலம். அதையும் ஏழை எட்டிப் பார்க்க முடியாது.

ஆசிமெர்டினிப்புக்குச் சுங்க வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் எடுத்தது. நல்லதுதான். வரி போயிற்று, ஏகபோகம் போகவில்லையே! சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது. 2012 மார்ச்சில் சோரபெனிப் என்ற புற்று மருந்துக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுத்தார்கள். மாதம் ரூ.2,80,428 விற்ற மருந்து ரூ.8,800-க்கு வந்தது. அந்தக் கம்பெனி ஒன்றும் திவாலாகிவிடவில்லை. ஆனால் 2013-லும் 2016-லும் வேறு மருந்துகளுக்கு வந்த விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. கத்தியை ஒரு தடவை உறையிலிருந்து எடுத்தவர்கள் மறுபடி எடுக்கப் பயப்படுகிறார்கள். யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

சர்க்காரால் முடியாதா?

"கிராமத்து ஏழைக்கு மரபணுப் பரிசோதனையா? நடக்கிற காரியமா?" என்று கேட்கிறார்கள். நடக்கும். நடந்திருக்கிறது.

1956-ல் சென்னையில் டி.பி. ஆராய்ச்சி நிலையம் ஒன்று துவங்கப்பட்டது. டி.பி. வந்தவனை மலைக்காற்றில், சானடோரியத்தில் வைத்துப் பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழைச் சேரிகளில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாக அவர்களும் குணமானார்கள் என்று 1959-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக் கொண்டது. அதை நடத்தியது சர்க்கார் ஸ்தாபனம். லாபக் கம்பெனி அல்ல.

இன்றும் பாருங்கள். டி.பி. கிருமிக்கு மருந்து கேட்குமா கேட்காதா என்று அதன் மரபணுவையே சோதிக்கும் கருவி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கட்டணம் இல்லை. கிருமியின் மரபணுவை இலவசமாகச் சோதிக்க முடிகிறவர்களால் தொழிலாளியின் கட்டியை இலவசமாகச் சோதிக்க முடியாதா?

2019-ல் மும்பை டாட்டா ஆஸ்பத்திரி டாக்டர்கள் இன்னொன்றும் செய்து காட்டினார்கள். 350 நோயாளிகளை எடுத்துக் கொண்டு, ஒரு பாதிக்கு ஜெபிடினிப் மட்டும், மறுபாதிக்கு அதோடு பழைய கீமோ மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக இரட்டித்தது. பக்க விளைவுகள் கூடின என்பதும் உண்மை. ஆனால் லட்ச ரூபாய் மாத்திரைக்காகக் காத்திருக்காமல், கைக்கு எட்டும் மருந்தால் ஆயுளைக் கூட்ட முடியும் என்பதைப் பொது ஆஸ்பத்திரி நிரூபித்தது. சென்னை அடையாறு ஆஸ்பத்திரியை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி துவக்கியபோதும் "முடியாது" என்றவர்கள் இருந்திருப்பார்கள். அறிவு நம்மிடம் இருக்கிறது. இல்லாதது பணத்தை எங்கே போடுவது என்ற மனம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற ஒவ்வொரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், நுரையீரல் புற்று என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும் மரபணுப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். தனியாரிடம் சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் வரை கொட்டும் நிலை ஒழிய வேண்டும்.

இரண்டு: கிருமி தென்படாமல் டி.பி. மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரையும் இரண்டு மாதத்தில் மறுபடி பார்த்து, குணமில்லையானால் ஸ்கேனுக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும். போக வர பஸ் செலவும், இழந்த கூலிக்கு உதவித் தொகையும் வேண்டும். 

மூன்று: ஆசிமெர்டினிப், லார்லாடினிப் போன்ற மருந்துகளுக்கு மத்திய சர்க்கார் கட்டாய லைசென்ஸ் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். பொதுத்துறை மருந்து ஆலைகளில் செய்து கொடுக்க வேண்டும்.

நான்கு: கிரஷரிலும் சூளையிலும் அரிசி ஆலையிலும் தூசி உறிஞ்சும் சாதனமும் தண்ணீர்த் தெளிப்பும் வேண்டும். முகத்தில் கட்ட ஒரு துணியைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பதை ஏற்கக் கூடாது. தொழிலாளியின் உடல்நிலைப் பதிவேட்டின் நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

ஐந்து: உஜ்வலா என்று 2016-ல் அடுப்பைக் கொடுத்தார்கள். மறு சிலிண்டர் வாங்குவது ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணின் கூலிக்குப் பெரும் பாரம். ஆகவே அடுப்பு மூலையில் கிடக்கிறது, விறகு எரிகிறது. சிலிண்டர் விலை அவள் கூலிக்கு எட்ட வேண்டும்.

ஆறு: அஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்த வேண்டும். அதில் வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் தானாக வராது. எட்டு மணி வேலை தானாகவா வந்தது? பஞ்சப்படி தானாகவா வந்தது? மில் வாசல் கூட்டத்தில் கூலியைப் பேசுகிறோம், போனசைப் பேசுகிறோம். நெஞ்சையும் பேச வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளில் அடுப்புப் புகையைப் பேச வேண்டும். அதைப் பேசப் பெண் தோழர்களை முன்னால் நிறுத்த வேண்டும்.

அந்தத் தாயிடம் போன வாரம் போனேன். பதிலைச் சொன்னேன். "உங்க மகன் செஞ்ச தப்பு எதுவும் இல்லம்மா. நீங்க செஞ்ச பாவமும் இல்ல. அண்ணன்கிட்ட இருந்து உங்க மகளுக்கு இது வராது. இத எழுதித் தர்ற டாக்டரையே கூட்டிட்டு வர்றேன்" என்றேன். கேட்டுக் கொண்டிருந்தவர், "இந்த மாத்திர கேக்காமப் போனா, அடுத்தது எவ்வளவு தம்பி?" என்றார்.

விலையைச் சொன்னேன். அவர் விரலை மடக்கி நடவுக் கூலியில் கணக்குப் போட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தக் கணக்கை அவர் ஒருவராகப் போட முடியாது. நாம் எல்லோரும் சேர்ந்து, போட வேண்டியவர்கள் முன்னால் நின்று போட வேண்டும். அவர் மகனுக்கு இருப்பது இன்னும் சில மாத அவகாசம். அதற்குள் கிளைதோறும் தீர்மானம் போடுங்கள். மதுரை ஆஸ்பத்திரி வாசலில் கூடுவோம்!